அபூர்வம் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் படச்சுருள் சேகரிப்பு பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சோதனைக் குறும்படங்களின் (வழக்கமான பாணியை விட்டுப் புது முயற்சியாக எடுத்தவை) சுருள் பிரதிகளை, எளிதில் கிடைக்காது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தேடி அலைகிறார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்கச் சோதனைப்பட இயக்குநரான ஸ்டான் பிராக்கேஜ் 1963-இல் செய்த ‘மாத்லைட்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கேமராவுக்கு வேலையே இல்லை. படச்சுருள் வாங்கவும் கையில் காசில்லாத நேரம் அது. விளக்கடியில் செத்து விழுந்த அந்துப்பூச்சிகளின் சிறகுகளையும், பூவிதழ்களையும், புல்லையும் பொறுக்கி, 16 எம்.எம். அகல ஒட்டுநாடாக்கள் இரண்டின் நடுவே வைத்து அழுத்தினார். அதிலிருந்து அச்சிட்ட பிரதிகளே திரையில் ஓடின. சுமார் நான்கு நிமிடம், ஒலி கிடையாது.

திரையில் பழுப்பும் பச்சையும் படபடவென்று பாய்ந்து போகும். எந்தச் சிறகும் கண்ணில் முழுதாக நிற்காது. பிரதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கதையே வேறு. 16 எம்.எம். சுருளில் ஒரு பிரேமின், அதாவது ஒரு தனிப்படக் கட்டத்தின், உயரம் ஏழரை மில்லிமீட்டர் சொச்சம்தான். இரண்டு சென்டிமீட்டர் சிறகு ஏறத்தாழ மூன்று பிரேம்களுக்கு நீண்டு கிடக்கும். முதல் பிரேமில் தொடங்கும் நரம்பு மூன்றாவதில் போய் முடியும். புரொஜெக்டரில் அதே சிறகு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். இந்தப் படம் 2003-இலேயே டிவிடியில் வந்துவிட்டது. அபூர்வம்தான் காரணமென்றால், பிரதி மீதான ஆசை அன்றே வடிந்திருக்க வேண்டும். கையில் பிடித்துப் பார்க்க முடிகிற படம் என்பதால்தான் வடியவில்லை.

சேகரிப்பாளர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பலர் டப்பாவைத் திறப்பதே இல்லை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும். காற்றுப் புகாத டப்பாவுக்குள் அந்த வாடைக்குக் காரணமான அமிலம் தங்கி, சிதைவை இன்னும் வேகப்படுத்தும். சுருள் சுருங்கி வளைந்து புரொஜெக்டரில் ஏறாமலே போய்விடும். பல வண்ணப் பிரதிகள் சாயம் வெளிறிச் சிவந்துவிடும். சிறகின் பழுப்பு போய்விட்டால் இந்தப் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

அடுத்த முறை இப்படிப்பட்ட பிரதிகளைப் பற்றி எழுதும்போது, விலையோடு நிறுத்தாமல் நிறம் எப்படி இருக்கிறது, வாடை அடிக்கிறதா, எத்தனை குளிர்ச்சியில் வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது திரையிட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்