நைரோபியிலிருந்து அம்மாவுக்கு

நைரோபி,
ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அண்ணன், மதினி, பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். நீங்கள் சொல்லச் சொல்லச் செல்வி எழுதிய கடிதம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் கம்பளிச் சட்டை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தாலும் ஏறக்குறைய குன்னூர் உயரத்தில் இருப்பதால், இந்த ஊரில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை வானம் மூடியே கிடக்கிறது. விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடிவதில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. நான் இருக்கும் பார்க்லண்ட்ஸ் இந்தியர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. துவரம்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. மதியம் மட்டும் தொழிற்சாலை வாசலில் மற்றவர்களோடு சேர்ந்து உகாலி என்னும் மக்காச்சோளமாவுக் களியும் சுக்குமா விக்கி கீரையும் சாப்பிடுகிறேன். வயிற்றுக்கு இதமாக இருக்கிறது. போன மாதம் சிறிய அறைக்கு மாறிவிட்டேன். ஓர் ஆளுக்கு இதுவே தாராளம்.

எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளி ஒதியேனோ, கிபெரா என்னும் குடிசைப் பகுதியிலிருந்து மட்டாட்டு வேனில் ஏறாமல் தினமும் நடந்தே வருகிறார். வந்ததும் வாசலில் கரியடுப்பு மூட்டிச் சோளக்கதிர் சுடுவார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆகவே பேச்சுத்துணை இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். மாதம் பிறந்தால் கிசுமுவில் இருக்கும் தன் தாயாருக்குக் கைபேசியில் எம்-பெசா வழியாகப் பணம் அனுப்பிவிட்டுத்தான் அவருக்கு மற்றச் செலவெல்லாம். 2007இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டால், வங்கிக் கணக்கே இல்லாத கிராமத்துத் தாய்மாருக்கும் பணம் நொடியில் போய்ச் சேர்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். துருப்பிடித்த தகரக் கூரைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. தண்டவாளத்தை ஒட்டியே தக்காளிக் கடைகள் இருக்கின்றன. தண்ணீரை 20 லிட்டர் கேனில் விலைக்கு வாங்குகிறார்கள். பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று ஒரு கோல்ஃப் மைதானம் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. 1899இல் ரயில்பாதை வந்து சேர்ந்தபோது உருவான ஊர் இது. வெள்ளையருக்கு ஓரிடம், இந்தியருக்கு ஓரிடம், ஆப்பிரிக்கருக்கு ஓரிடம் என்று ஆங்கிலேயர் போட்ட கோடு, சட்டம் போன பிறகும் அழியவில்லை. எங்கள் தெருவில் வாசல்தோறும் காவலாளி நிற்கிறார். அந்தக் காவலாளியின் தெருவிலோ விளக்குக்கூட ஒழுங்காக இல்லை.

சாப்பிடும் முன் ஒதியேனோவின் மனைவி ஒரு கூஜாவிலிருந்து வெதுவெதுப்பான நீரை என் கையில் ஊற்றி, கீழே தட்டில் விழுந்ததைச் சிந்தாமல் வாளியில் சேர்த்து வைத்தார். அப்பா வயலிலிருந்து வந்ததும் திண்ணையோரம் நீங்கள் சொம்புடன் நிற்பது கண்ணில் வந்துவிட்டது. அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஆடிப்பெருக்குக்கும் தாமிரபரணிக் கரையில் நான் இருக்கப்போவதில்லை, அம்மா.

செல்வி விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லலாம். அதற்கு முன் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி முத்தையா மாமா நேரில் விசாரித்துவிடட்டும். அவள் பி.எட். முடிப்பதற்குத் தடை சொல்லும் வீடு நமக்கு வேண்டாம். அடகிலிருக்கும் உங்கள் சங்கிலிக்கு இப்போதைக்கு வட்டியை மட்டும் அண்ணன் கட்டட்டும். ஐப்பசிக்குள் முதலையும் சேர்த்து அனுப்பிவிடுவேன். கிணற்றடித் தென்னையைச் சித்தப்பா வெட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது நம் எல்லைக்குள் நிற்பதைப் பத்திரத்தில் பார்த்திருக்கிறேன். பத்திரத்தின் நகலைச் செல்வியிடம் கொடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூட்டுவலி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
சங்கரன்