ஏன் நடக்கிறாய் என்று கேட்டிருந்தாயே

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். தாத்தா ஆன பிறகும் உன் கிண்டல் குறையவில்லை. "பணம் வேண்டுமானால் வாய் திறந்து கேள், இந்த வயதில் இரவெல்லாம் எதற்கு நடக்கிறாய்" என்கிறாய். வயதைச் சொல்லி மிரட்டாதே. ஃபௌஜா சிங் 2000-ஆம் ஆண்டு லண்டன் மராத்தான் ஓடியபோது அவருக்கு 89. அவரும் குறைமாதக் குழந்தைகளுக்கான அறநிதிக்காகத்தான் ஓடினார். நான் நடக்கத்தானே போகிறேன்!

நம் ஊர் டயாலிசிஸ் மையத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பழையதாகிவிட்டது. புதிது வாங்கத்தான் இந்த நடை. அடுத்த மாதம் பள்ளித் திடலில் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. ஒரு சுற்று 400 மீட்டர். சுற்றுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று ஆளுக்கு ஆள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

சிறுநீரகம் பழுதான அக்காவை அங்கே வாரம் மூன்று நாள் அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஊசி குத்துவதற்காக இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தேன்கூட்டைத் தொட்டதுபோல் அதிர்கிறது. அதிர்ந்தால்தான் இரத்தம் நன்றாக ஓடுகிறது என்று பொருள். காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறாள். ஒரு முறைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடி, அவள் இரத்தத்தின் கழிவை வாங்கிக்கொண்டு போகிறது. குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகக் கலக்கும் குளோரமின் நம் வயிற்றை ஒன்றும் செய்யாது. சவ்வு வழியே அவள் இரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்த இயந்திரம் இல்லாமல் மையமே இல்லை.

அவ்வளவு தண்ணீர் பக்கத்தில் ஓடுகிறது, அவள் குடிப்பதற்கோ ஒரு நாளைக்கு அளந்து வைத்த சிறு போத்தல்தான். தாகம் தாங்காதபோது ஐஸ்கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்கிறாள். பயிற்சி முடித்து வியர்த்து வரும் நான், அவள் எதிரில் குடிக்க மனம் வராமல் கொல்லைப்பக்கம் போய்க் குடிக்கிறேன்.

இனி உன் கேள்வி. வாய் திறந்து கேட்டும் பார்த்தேன். "பார்க்கலாம்" என்றார்கள். நடக்கப் போகிறேன் என்றதும் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். தைப்பூசத்துக்கு நடப்பவனை எதற்கு நடக்கிறாய் என்று நம் ஆட்கள் கேட்பதுண்டா? உடம்பை வருத்திக்கொள்பவன் பேச்சுக்குத் தனி மரியாதை. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. அக்கா நாற்காலியில் சாய்ந்து படும் பாட்டுக்கு மணிக்கு இவ்வளவு என்று யாரும் எழுதித் தருவதில்லை. இருந்தாலும் இயந்திரம் வந்தாக வேண்டும். அதனால் நடக்கிறேன்.

சிறுகச் சிறுகச் சேர்ப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1960-இல் அமைச்சராக இருந்த நம் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ரப்பர்ப் பால்வெட்டுக்காரர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக வாங்கித்தானே தோட்டங்களை வாங்கும் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார்.

சந்தை முனையில் இருக்கும் மளிகைக்கடைக்காரர் கணக்குப் பார்க்காமல் சுற்றுக்கு ஐந்து வெள்ளி என்று எழுதிவிட்டார். 50 கிலோமீட்டர் நடந்தால் 125 சுற்று, 625 வெள்ளி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முழங்காலைப் பார்த்தார். "எழுதியது எழுதியதுதான், ஆனால் அதற்கு மேல் நடக்காதீர்கள் ஐயா" என்றார்.

தெருவில் உண்டியல் குலுக்கவில்லை. அதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், அந்த அலைச்சல் நமக்கு வேண்டாம்.

கால் பழகிவிட்டது. விரலிடுக்கில் வாசலின் தடவி, இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறேன். ஈரமானதும் மாற்றாவிட்டால் சுண்டுவிரல் தோல் வெளுத்துச் சுருங்கிக் கொப்புளம் எழும்பிவிடும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும் என்று தாதி எச்சரித்தார். தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா காய்ச்சும் உப்புக் கஞ்சியைத்தான் கொண்டுபோகப் போகிறேன்.

சுற்றுக்கு எவ்வளவு என்று எழுதி அனுப்பு. பணத்தை என்னிடம் தராதே. நேராக மையத்தின் வங்கிக் கணக்கில் போடு. வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவுப்படி வரிவிலக்குக்கான ரசீதை அவர்களே தருவார்கள். வர முடிந்தால் மாலையில் வந்து கை தட்டிவிட்டுப் போகாதே, இரவு இரண்டு மணிக்குப் பிறகு வா. அப்போதுதான் பேச ஆள் இருக்காது.

உன் அன்பு நண்பன்