குள்ளமாகிப்போன பச்சைப்பெருமாள்

மல்லாவி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கினால் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. வைன் என்று வாயெடுத்தாலே நீ குடிக்கப் பழகிவிட்டாய் என்று ஒப்பாரி வைப்பாள்.

முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் முதலாளி பாரிஸில் போர்தோ வைனாகச் சேர்ப்பவர், அவருடைய கூட்டாளி பூர்கோன் வைனாகச் சேர்ப்பவர். ஆறு கிழமைக்கு அவர் வீட்டில் இவர், இவர் வீட்டில் அவர். மற்றவருடைய நிலவறையில் இருப்பதைக் குடித்துப் பார்ப்பது. போத்தலை அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். குலுங்கினால் அடியில் படிந்த மண்டி கலங்கிவிடும், வழியில் வெக்கை பட்டால் கெட்டுவிடும், அதனால் போத்தல் இருக்கிற இடத்தில் இருக்க ஆட்கள்தான் இடம் மாறுகிறார்கள் என்றாய். சரி, அதில் நியாயம் இருக்கிறது. நிலவறை என்றதும் எனக்கு நாங்கள் வெட்டிய பங்கர்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் ஒருவரும் எதையும் ரசித்துக் குடித்ததில்லை.

எங்கள் கள்ளு காலையில் இறக்கினால் பின்னேரம் புளித்துவிடும், அதை வைத்துக் காக்கிற பேச்சே இல்லை. ஆனால் நீ சொன்ன மற்ற விஷயங்கள் எனக்கு விளங்கின. 12, 13 பாகைக்கு மேல் சூடு ஏறக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது, தக்கை காயாமல் இருக்கப் போத்தலைப் படுக்கவைக்க வேண்டும். விதைநெல்லுக்கும் இந்தப் பாடுதான். விவசாயப் போதனாசிரியர் 13 வீத ஈரம் என்பார். எங்களுக்குப் பல்லுத்தான் கருவி. கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். பிறகு நெல் சேமிக்கிற கொம்பறையில் வேப்பிலை போட்டு மூடுவோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திறக்கக்கூடாத போத்தல்களுக்குச் சிவப்பு நாடா கட்டுவது உன் வேலை. ஒன்றை விட்டுவிட்டாய். அந்தக் கூட்டாளி தெரியாமல் அதைத் திறந்துவிட்டார். முதலாளி தன் மகள் பிறந்த வருடத்து வைன் என்று, அவளுடைய கலியாணத்துக்காக வைத்திருந்த 1996ஆம் வருடத்துப் போத்தல். நீ இப்போது அதே பெயர், அதே வருடம் ஒன்றைக் கடையில் தேடிப் பிடித்து, உன் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிடப் பார்க்கிறாய். 'ஆருக்குத் தெரியப்போகுதப்பா' என்றாய்.

உனக்கு ஒரு கதை சொல்லவேண்டும். நீ பிறக்க முதல் நடந்தது. அம்மாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

1997, ஆமி வன்னிக்குள் ஜெயசிக்குறு சண்டையைத் தொடங்கிய வருடம். எந்தப் பக்கம் எப்போது எழும்பி ஓட வேண்டி வரும் என்று தெரியாது. ஒட்டுசுட்டானில் எனக்கொரு சிநேகிதர் இருந்தார். அவருடைய விதைநெல்லில் பாதி என் கொம்பறையில், என்னுடையதில் பாதி அவருடைய வீட்டில் என்று மாற்றி வைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் மிஞ்சும் என்ற கணக்கு. அவருடையது பச்சைப்பெருமாள் நெல், 4 புசல். என்னுடையது வேறு இனம். புரட்டாதிக் கடைசியில் பெய்த ஒரு மழையில் என் கூரை ஒழுகியது. நான் இரண்டு நாள் கழித்துத்தான் மூடியைத் திறந்து பார்த்தேன். கையை விட்டால் உள்ளே வெக்கை. நெல் முளைவிட்டுப் பின்னிக் கிடந்தது.

அடுத்த கிழமை அவர் வந்தபோது என்னுடைய நெல்லில் 4 புசல் அளந்து கொடுத்தேன். உமியோடு பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அவரும் என்னை நம்பிக் கடித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னுடைய பாதியை ஒரு மணி குறையாமல் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மார்கழியில் ஒருநாள் வந்து, வயலைப் பார்க்க வா என்று கூட்டிக்கொண்டு போனார். வரம்பில் நின்று பார்த்தேன். ஒரு பாதி நெஞ்சளவு உயரம். மற்றப் பாதி இடுப்புக்குக் கீழே. நடுவில் கயிறு பிடித்ததுபோல ஒரு கோடு. அவர் சிரித்துக்கொண்டு, 'பச்சைப்பெருமாள் குள்ளமாகிட்டார் அண்ணை' என்றார். எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியில்தான், 'நனைஞ்சு போச்சு எண்டு சொல்லியிருந்தா விதைப்புக்கு முதல் எங்கேயாவது கேட்டு வாங்கியிருப்பன்' என்றார். ஒரு பாதி முற்றும்போது மறுபாதி பச்சை. அந்த வருடம் அவர் இரண்டு தரம் அரிவு வெட்டினார்.

உன்னுடைய போத்தலும் கோடு காட்டும். நீதானே சொன்னாய், வருடங்கள் போகப் போகப் போத்தலின் கழுத்தில் வைன் எந்த மட்டத்தில் நிற்கிறது, லேபிளில் எங்கே ஈரக்கறை இருக்கிறது என்றெல்லாம் இந்த ஆட்கள் பார்ப்பார்கள் என்று. இத்தனை வருடம் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்த மனுஷனுக்குத் தெரியாதா?

முதலாளி ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியதும், நிலவறைக்குள் போக முதல் சொல்லிவிடு. வாங்கிய போத்தலை ஒளிக்காமல் மேசையில் வை. வேண்டுமா வேண்டாமா என்று அவர் தீர்மானிக்கட்டும். அந்தக் கூட்டாளியின் தலையில் பழியைப் போடாதே, நாடா கட்டாதது நீ.

பனங்கிழங்குப் புழுக்கொடியல் காய்ந்துகொண்டிருக்கிறது. வருகிற மாதம் ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன். சொன்ன பிறகு போன் எடு, எந்த நேரமானாலும்.

அன்புடன்,
அப்பா