எரிமலை இருக்கிறது, சிலிகாவைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பொது அறிவுப் பெட்டியில், ஆங்கிலத்திலேயே நீளமான சொல் என்று 'நிமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ்' என்ற நுரையீரல் நோயின் பெயரைப் போட்டு, 'எரிமலைப் பக்கம் போகாதவரை நமக்குக் கவலையில்லை' என்று முடித்திருந்தீர்கள். 45 எழுத்து என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. ஆனால் அச்சில் வந்த சொல்லில் 'சிலிகோ' விழுந்துவிட்டது. 'வால்கனோ' பத்திரமாக இருக்கிறது. நோயை உண்டாக்குவது எதுவோ அதை மட்டும் சரியாகப் பார்த்து நீக்கிய பிழைதிருத்துநருக்குப் பாராட்டுகள்.

நிமோனோ என்பது நுரையீரல். அல்ட்ராமைக்ராஸ்கோபிக் என்றால் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத பொடி. சிலிகோ என்பது மணலிலும் பாறையிலும் இருக்கும் சிலிகா என்ற தாது, வால்கனோ எரிமலை. கோனிஸ் என்றால் கிரேக்கத்தில் தூசு. இவற்றைக் கோத்தவர் டாக்டர் அல்ல. அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற புதிர்ச் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித். 1935 பிப்ரவரியில் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் அதை வெளியிட்டது. மருத்துவச் சொற்களைப் போலப் புனைந்தது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே குறித்திருக்கிறது. தாங்கள் அகராதி பார்க்காமல் எழுதுகிறவர் அல்ல என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

நிஜமான சொல்லுக்கு நிஜமான வரலாறு உண்டு. தூசு படிந்து கெடும் நுரையீரலுக்கு ஜெர்மன் நோயியலாளர் சென்கர் 1867இல் நிமோனோகோனியோசிஸ் என்று பெயரிட்டார். பிறகு அது நிமோகோனியோசிஸ் என்று சுருங்கியது. அதில் சிலிகாத் தூசால் வருவதை, சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் சிலெக்ஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியரான விஸ்கோன்டி சிலிகோசிஸ் என்றார். கேஸ் ஷீட்டில் எழுதுவது இதைத்தான். புதிர்க்காரர்கள் விளையாடிய அதே காலத்தில் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில், 1930-31இல், சிலிகா மிகுந்த பாறையைத் தண்ணீர் விடாமல் உலர்வாகவே துளைத்துச் சில நூறு பேர் செத்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அங்கே எரிமலை எதுவும் இல்லை.

நம் ஊரிலும் தேவையில்லை. கல்குவாரி, கிரஷர், சிற்பக்கூடம், வார்ப்பட ஆலை, டைல்ஸ் அறுக்கும் இடம் போதும். கண்ணுக்குத் தெரிகிற புழுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வந்துவிடும். ஆபத்து 5 மைக்ரானுக்கும் குறைந்த துகளில் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்குகிறது, அதை விழுங்கும் வெள்ளணு செத்துத் துகளை மறுபடி வெளியே விடுகிறது, இன்னொன்று விழுங்குகிறது. இப்படியே சுற்றிச்சுற்றி வடு கட்டுகிறது. வேலையை விட்ட பிறகும் வடு வளரலாம். சாதாரணமாக 10 வருடத்துக்கு மேல் பிடிக்கும். தூசு மிக அதிகமானால் சில மாதங்களே போதும். சமையல் மேடைப் பலகைக்கு இப்போது எல்லோரும் கேட்கிற செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் சிலிகா 90 சதவீதத்தையும் தாண்டும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அதைத் தடை செய்துவிட்டது. தங்கள் இதழின் 'கனவு இல்லம்' பக்கம் அதைப் பளபளவென்று பரிந்துரைக்கிறது.

சொல்ல ஆரம்பித்தால் பழைய கணக்கும் வருகிறது. தங்கள் மருத்துவக் கேள்வி-பதிலில், கல் உடைப்பவரின் இருமலுக்கு 'காசம்தான், ஆறு மாதம் மாத்திரை, தனித்தட்டு' என்று பதில் வந்தது. என்ன வேலை, எத்தனை வருடம் என்று ஒரு கேள்வி இல்லை. காசம் (டிபி), சிலிகோசிஸ் இரண்டுமே பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் தெரிவதால் எக்ஸ்ரேயில் குழப்பம் சகஜம். சிலிகோசிஸ் தொற்றாது, ஆனால் அது உள்ளவருக்குக் காசம் எளிதில் பிடிக்கும் என்பதால் சளிப் பரிசோதனையும் வேண்டும், வேலை விவரமும் வேண்டும். சீட்டில் காசம் என்று மட்டும் எழுதிவிட்டால் இழப்பீடும் போச்சு. ராஜஸ்தானில் 2019 கொள்கைப்படி சான்று பெற்றவருக்கு 3 லட்சமும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் தருகிறார்கள். அந்த ஒரு காகிதம் அவ்வளவு முக்கியம்.

அடுத்தது வீட்டு வைத்தியப் பகுதி: 'தூசு வேலை செய்பவர்கள் தினம் ஒரு துண்டு வெல்லம் சாப்பிட்டு, ஈரத்துண்டு கட்டிக்கொண்டால் போதும்.' கட்டிய வடு வெல்லத்தில் கரையாது. துண்டின் நெசவு இடைவெளியில் 5 மைக்ரான் தாராளமாக நுழையும். அறுக்கிற பிளேடின் மேலேயே தண்ணீர் விழ வேண்டும். அது முடியாவிட்டால் தூசு கிளம்பும் இடத்திலேயே கருவியால் உறிஞ்ச வேண்டும். விளக்குமாற்றால் உலர்வாகப் பெருக்குவதும், கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதுவதும் அடங்கிய தூசை மறுபடி கிளப்பிவிடும். முகமூடி கடைசிக் காவல்தான். என்-95 கூட முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் உதவும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், மூச்சு இழுக்கச் சிரமமானால் மாற்றிவிட வேண்டும்.

கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் அதே பெட்டியில், அதே எழுத்தளவில், சொல்லைத் திருத்தி வெளியிடுங்கள். கூடவே ஒரு வரி: தூசு வேலையில் இருந்தவர் இருமலோடு போனால், செய்த வேலையையும் வருடத்தையும் டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லட்டும். ஆண்டு மலருக்கான வினாடி வினாவில் 'எரிமலை நோய்' மறுபடி வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வெல்லம் எழுதியவரிடமும் இக்கடிதத்தைக் காட்டினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலை மருத்துவர்,
நாமக்கல்