கொள்கலன் வருமுன் ஒரு கொப்பி

வட்டக்கச்சி

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று விலைக் கடிதங்களையும் எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு தரம் வாசித்தேன். ரொறொன்ரோவிலிருந்து மெல்பேர்ணுக்கு ஒரு வீட்டையே கொண்டுபோவது சின்ன வேலை இல்லை. போனில் சொன்னால் பிள்ளைகளின் சத்தத்தில் பாதி கேட்காது, அதனால் எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

மூன்றில் ஆக மலிவான விலை தந்தவனை விட்டுவிடு. அவன் உன் வீட்டைப் பார்க்கவே இல்லை. மற்ற இரண்டு பேரும் வீடியோவில் அறை அறையாகப் பார்த்து, இத்தனை கனமீற்றர் என்று எழுதியிருக்கிறார்கள். கப்பலில் வீட்டுச் சாமானுக்குக் காசு பெரும்பாலும் அது பிடிக்கும் இடத்துக்குத்தான். பார்க்காமல் சொன்ன விலை, சாமான் அவன் கைக்குப் போன பிறகு ஏறும்.

மீளக்குடியேறி வந்த பிறகு கிளிநொச்சியில் வெளிநாட்டுப் பொதிகள் இறக்கும் இடத்தில் நான் களஞ்சியம் பார்த்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். சுவிஸிலிருந்து ஊரோடு இருக்க வந்த ஒரு குடும்பம், குறைந்த விலை சொன்ன ஒருவரிடம் வீட்டுச் சாமான் முழுவதையும் ஒப்படைத்திருந்தது. சாமான் கொழும்பு வந்து சேர்ந்ததும் துறைமுகக் கூலி வேறு, பரிசோதனைக் கூலி வேறு, லொறி வேறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர்கள் காசு புரட்டுவதற்குள் துறைமுகத்தில் கிடந்த நாட்களுக்கும் வாடகை ஏறிவிட்டது. அந்தத் தாய் எங்கள் வாசலில் இருந்து அழுததை நான் மறக்கவில்லை. ஆகவே வாசலிலிருந்து வாசல் வரை என்றால், துறைமுகக் கூலி, சுங்கம், தாவரப் பரிசோதனை, மாடிப்படி ஏற்றும் கூலி எல்லாம் அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்கு. எதை விட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லு.

20 அடிக் கொள்கலனின் உள்ளே ஏறத்தாழ 33 கனமீற்றர் இடம் இருக்கும். உங்களுடையது 12 என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஆகவே மற்றவர்களோடு பங்கு போட்டு ஏற்றுவதுதான் உங்களுக்குச் சரி. பங்குக் கொள்கலன் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டிவரும். இரண்டு மூன்று மாதம் சாமான் இல்லாமல் இருப்போம் என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாமானும் இரண்டு சட்டியும் உங்களோடு விமானத்தில் வரட்டும்.

எது போகவேண்டும், எது நிற்கவேண்டும் என்பதுதான் உங்கள் வீட்டில் சண்டை என்று அம்மா சொன்னா. மின்சாரச் சாமானில் சண்டைக்கு இடமே இல்லை. கனடாவில் 120 வோல்ட், அவுஸ்திரேலியாவில் 230. நீ அங்கே வாங்கிய மிக்சி, சோற்றுக் குக்கர், மைக்ரோவேவ் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு. ஆனால் கல்யாணத்துக்கு நாங்கள் கொழும்பில் வாங்கித் தந்து, அங்கே கரண்ட் ஒத்துவராமல் நிலவறையில் சும்மா கிடக்கிறதே கிறைண்டர், அதைக் கட்டாயம் கொண்டுபோ. நம்முடைய கரண்டும் மெல்பேர்ண் கரண்டும் ஒன்றுதான், பிளக்கை மாற்றினால் போதும். இதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அம்மா கேட்டு வருத்தப்பட்டதும் ஒன்று உண்டு. அவுஸ்திரேலியாக்காரர் மரம், ஓலை, விதை, மண் விடயத்தில் மிகக் கடுமை. அவர்களின் வயலுக்குப் பூச்சி வந்துவிடும் என்ற பயம். விவசாயம் செய்யும் ஊரில் இருக்கிற எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. அம்மா அனுப்பிய நீத்துப்பெட்டி, சுளகு, இடியப்ப உரல், திருவலைப் பலகை எல்லாவற்றையும் பட்டியலில் எழுதி, ஒரே பெட்டியில் போட்டு, மேலே பெயரும் ஒட்டிவிடு. பார்க்க வருபவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தேடித் திறப்பது சுலபம். ஒளித்து வைத்தால் மற்றப் பெட்டிகளையும் கவிழ்க்கக்கூடும், அந்தச் செலவும் உன் தலையில்தான். புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் அனுப்பவே வேண்டாம், சாப்பிட்டு முடியுங்கள். சப்பாத்து, சைக்கிள் ரயர், தோட்ட மண்வெட்டி எல்லாம் மண் ஒரு துளி இல்லாமல் கழுவிக் காயவிட வேண்டும். சுங்கத்துக்கு பி534 என்று ஒரு படிவம் உண்டு. 12 மாதமோ அதற்கு மேலோ சொந்தமாகப் பாவித்த சாமானுக்குத் தீர்வை இல்லை, ஆகவே புறப்படும் நேரத்தில் புதுச் சாமான் வாங்கி அடுக்காதே.

காப்புறுதி வேண்டாம் என்று மருமகன் சொன்னாராம். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது, அடுத்த மாதம் தாண்டுபோனது. அதற்கு இரண்டு மாதம் முன்னர் சுயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கப்பல் ஆறு நாள் குறுக்கே சிக்கி நின்றது. அதை மீட்ட செலவைக் கப்பல்காரர் சரக்கு ஏற்றியவர்களோடும் பங்கு போட்டார்கள். கடல் வழக்கம் அப்படி: கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவில் ஒவ்வொரு பெட்டிக்காரனுக்கும் பங்கு உண்டு. காப்புறுதி இருந்தால் காப்புறுதிக்காரர் அதைப் பொறுப்பெடுப்பார்கள். இல்லையென்றால் உன் பெட்டியில் ஒரு கீறலும் விழாவிட்டாலும், காசு கட்டினால்தான் கையில் தருவார்கள். இன்னொன்று, நீயே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்கு அநேகமான காப்புறுதிக்காரர் பொறுப்பெடுப்பதில்லை. கண்ணாடியும் கோப்பையும் அவர்களின் ஆட்களே கட்டட்டும். பெறுமதி எழுதும்போது நீ வாங்கிய விலையை அல்ல, மெல்பேர்ணில் அதைத் திருப்பி வாங்கினால் என்ன விலையோ அதை எழுது.

பெரிய அலுமாரியையும் சோபாவையும் ரொறொன்ரோவில் ஒரு களஞ்சியத்தில் மாத வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தாய். எத்தனை மாதம் என்று உன்னால் சொல்ல முடிந்தால் விடு. முடியாவிட்டால் வித்துவிடு. இரண்டு வருட வாடகையைக் கூட்டிப் பார், அந்தக் காசுக்குப் புது அலுமாரி வரும்.

விடுவதென்றால் எப்படி வைப்பது என்று நான் சொல்கிறேன், அதுதான் நான் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை. கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேலே என்றால் நான் மூட்டையை வாசலுக்குள் எடுக்க மாட்டேன். ஈரம் உள்ளே போனால் பிறகு எந்தப் பூட்டாலும் பயன் இல்லை. நிலத்தில் நேரே வைக்காமல் பலகை போடு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. மரச்சாமானைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றாதே, பழைய போர்வை போதும். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்துக் காயவிட்டு, கதவைக் கொஞ்சம் திறந்தபடி வை. கப்பலிலும் இதே கதைதான். வெக்கையில் மூடிய கொள்கலனுக்குள் எழும் ஈரம், குளிர் வந்ததும் கூரையில் வியர்த்துச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கவிடுவார்களா என்று கேள்.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் பட்டியல்தான் பிள்ளை. கம்பனிக்காரனும் ஒரு பட்டியல் எழுதுவான், 'பெட்டி 17, சமையலறைச் சாமான்' என்று. அதைக் காட்டி எதையும் கேட்டு வாங்க முடியாது. நீ உன் கையால் தனியாக ஒன்று எழுது. பெட்டி இலக்கம், உள்ளே என்ன, எத்தனை, என்ன பெறுமதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

2008 கடைசியில் போர் நெருங்கி நாங்கள் இந்த வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, ரக்ரர் பெட்டியில் ஏற்றிய ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல நீ சீ.ஆர். கொப்பியில் எழுதினாய். உனக்கு அப்போது 14 வயது. 43 சாமான். தருமபுரத்தில் கட்டிலை விட்டுவிட்டுக் கொப்பியில் அந்த வரியை வெட்டினேன். விசுவமடுவில் அலுமாரி. தையல் மெசினைச் சுதந்திரபுரத்தில் கிடங்கு வெட்டித் தாட்டோம், திரும்பிப் போனபோது கிடங்கு மட்டும் இருந்தது. இரணைப்பாலையில் ரக்ரரையே விட்டோம். மாத்தளனுக்கு வந்தபோது மிஞ்சியது அம்மா இடுப்பில் கட்டியிருந்த பை ஒன்றுதான். பிறப்பத்தாட்சி, காணி உத்தரவுப் பத்திரம், உன் பள்ளிக்கூட றிப்போட், அந்தக் கொப்பி. உன்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் இந்தக் காணியைக் கேட்டு வாங்கவும் அந்தப் பைதான் உதவியது. ஆகவே கடவுச்சீட்டு, பட்டங்கள், பிள்ளைகளின் ஊசி அட்டை, நகை எதையும் கொள்கலனில் போடாதே. உன் தோளில் கிடக்கும் பையில் வை.

அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. கரையான் தின்னாத பக்கங்களைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன். 19 ஆவது வரியில் 'தையல் மெசின் (அம்மாவின்)' என்று எழுதி இரண்டு கோடு கீறியிருக்கிறாய். பேத்தி கேட்டால் காட்டு. அவளுக்கும் எழுதத் தெரியும்தானே, அவளின் பெட்டிக்கு அவளே எழுதட்டும்.

வீடு பார்த்த மற்ற இரண்டு பேரும் துறைமுகக் கூலியைப் பற்றி என்ன பதில் தருகிறார்கள் என்று எனக்கு அனுப்பு. அதைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதே.

அன்புடன்,
அப்பா