கட்டைவிரலை எடுக்கச் சொல்

சிங்கப்பூர்
வியாழன் இரவு

அன்புள்ள சேகர்,

எட்டு மாசமாக ஒரு வரி எழுதாததற்கு உன் திட்டையெல்லாம் சேர்த்து வை, பொங்கலுக்கு வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், சோடாபுட்டி சொன்னான். இனி அந்தப் பட்டத்துக்கு ஊரில் அவன் ஒருத்தன்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நீ அனுப்பிய படம், குமரன் இங்கே வேலைக்கு வருவதற்கான கடிதத்தின் படம். "குமரனுக்கு ஐபிஏ வந்தாச்சு, ஞாயித்துக்கிழமை மீதிப் பணம், அக்கா வளையலை வைக்கிறாங்க" என்று எழுதி, கீழே நாலு லட்டு பொம்மை வேறு. போனில் சொன்னால் "சரிடா சரிடா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் மெயிலில் எழுதுகிறேன். பிரின்ட் எடுத்து, குமரனையும் அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி.

முதலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார். ஏஜென்ட் தாளைக் கையில் பிடித்தபடி எடுத்த போட்டோ. கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிகிறது, குமரன் பெயர் தெரிகிறது, பாஸ்போர்ட் எண் தெரிகிறது. மாத அடிப்படைச் சம்பளம் என்ற வரிக்கு நேராக மட்டும் அந்த மனுஷனின் கட்டைவிரல். விரலுக்கு வெளியே "00" என்று இரண்டு பூஜ்யம் எட்டிப் பார்க்கிறது. எந்த எண்ணுடைய பூஜ்யம் அது? 600-ஆ, 1,200-ஆ? வாயால் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொன்னவன் அந்த எண்ணைத்தானே முதலில் காட்டியிருக்க வேண்டும்?

ஐபிஏ என்பது மனிதவள அமைச்சு தரும் முன் அனுமதிக் கடிதம். முதலாளியோ அவர் அமர்த்திய ஏஜென்சியோதான் விண்ணப்பிக்க முடியும், வேலைக்கு வருகிறவன் தானாகப் போட முடியாது. அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். தொழிலாளி கிளம்புவதற்கு முன்பே அவன் மொழியில் உள்ள பிரதியை அனுப்பவேண்டியது முதலாளியின் கடமை. அதாவது குமரனுக்குத் தமிழிலேயே வரவேண்டும். இங்கே வந்த பிறகு அதில் உள்ள சம்பளத்தைக் குறைக்க நினைத்தால் அவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். நாளைக்குத் தகராறு என்று போய் நின்றால் அந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள். ஏஜென்ட் டீக்கடையில் சொன்னதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே எல்லாப் பக்கமும் உள்ள பிடிஎஃப் வேண்டும், போட்டோ வேண்டாம். கடிதம் அசல்தானா என்று அமைச்சின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

இப்போது அந்த 1,200-ஐப் போட்டுப் பார்ப்போம். அடிப்படை 600 என்று வைத்துக்கொள். ஓவர்டைமுக்கு இங்கே கணக்கு உண்டு: மாத அடிப்படையை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 7,200-ஐ 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 3.15 வெள்ளி. ஓவர்டைம் அதைப்போல ஒன்றரை மடங்கு, 4.72. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைம், அதற்கு மேல் போக கம்பெனி தனியாக விலக்கு வாங்கியிருக்க வேண்டும். 72 மணி நேரமும் செய்தால் 340 வெள்ளி. ஆக 940. நாலு ஞாயிறும் முதலாளி கூப்பிட்டு ஓய்வே இல்லாமல் போனால் நாளுக்கு இரண்டு நாள் கூலி, அதில் 184 சேரும். எல்லாம் கூட்டினால் 1,124. ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், காய்ச்சல் வராமல், மழையில் சைட் நிற்காமல் 1,124. அதிலும் சாப்பாட்டுக் காசு போகும். தங்குமிடம் முதலியவற்றுக்குச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதியைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கையில் என்ன நிற்கும் என்பதை ஐபிஏவின் பிடித்தங்கள் பகுதியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதையும் உன் ஏஜென்ட் காட்டவில்லை.

நீ தட்டச்சு செய்து அனுப்பிய பில்லை மறுபடி படித்தேன். மொத்தம் மூன்றரை லட்சம். சர்வீஸ் 2,40,000, லெவி டெபாசிட் 45,000, பாண்டு 30,000, எமிகிரேஷன் கிளியரன்ஸ் 15,000, டிக்கெட் 20,000. கணக்கு வாத்தியார் மகனே, கூட்டல் சரியாக இருந்தால் போதுமா?

கடைசியிலிருந்து வருகிறேன். டிக்கெட் பரவாயில்லை, போகும் டிக்கெட்டுக்குக் காசு கேட்பதில் அதிசயமில்லை. திரும்பி அனுப்பும் செலவு மட்டும் முதலாளியுடையது, அதை ஞாபகம் வை. எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்பது சுத்தக் கதை. பத்தாம் வகுப்பு தாண்டாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது நம் அரசிடம் வாங்கவேண்டிய அனுமதி அது. வளைகுடா நாடுகள் இருக்கின்றன, மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மேலும் குமரன் டிப்ளமோ முடித்தவன், துபாய்க்கே போனாலும் அவனுக்குத் தேவைப்படாது. பாண்டு என்பது மலேசியர் அல்லாத ஒவ்வொரு வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி கட்டும் 5,000 வெள்ளி உத்தரவாதம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிக் கொடுப்பார்கள், தொழிலாளி தலையில் வைக்கக்கூடாது. லெவி அதைவிட மோசம். கட்டுமானத்துறையில் சாதாரண ஸ்கில் உள்ளவனுக்கு மாதம் 900 வெள்ளி, உயர் ஸ்கில்லுக்கு 500, முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுவது. இதில் "டெபாசிட்" எங்கிருந்து வந்தது? பெர்மிட் விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, வழங்கும் கட்டணம் 35 வெள்ளி. அதுவும் முதலாளி செலவுதான்.

மிச்சம் அந்த 2,40,000. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. ஆறு மாதத்துக்குள் முதலாளியே அனுப்பிவிட்டால் பாதியாவது திருப்பித் தரவேண்டும். 600 வெள்ளிச் சம்பளத்துக்கு உச்சம் 1,200 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 78,000. இந்தியப் பக்கத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983 குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவரும் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அது 35,400. இரண்டு பக்கமும் உச்சமாக வாங்கினாலும் 1,13,400. உன் ஆள் கேட்பது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மூன்றரை லட்சம் என்பது குமரனுக்கு ஒன்பது மாத அடிப்படைச் சம்பளம். அதற்கு அக்கா வளையல் வட்டியைக் கூட்டிக்கொள்.

விசிட்டிங் கார்டில் "அரசுப் பதிவு பெற்றது" என்று போட்டிருக்கிறது என்றாய். ஜிஎஸ்டி எடுத்தவன்கூட அப்படிப் போட்டுக்கொள்ளலாம், பரோட்டாக் கடைக்கும் அரசுப் பதிவு இருக்கிறது. இந்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்ட்கள் பட்டியல் இருக்கிறது. அதில் கடைப் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். சிங்கப்பூர் ஏஜென்சி வழியாக என்று சொன்னால் அவர்கள் உரிம எண்ணையும் கேள், அதைச் சரிபார்க்க அமைச்சின் தளத்தில் தனிப் பட்டியல் உண்டு.

பணத்தை உறையில் போட்டு நேரில் கொடுக்கச் சொன்னானாம். கூடவே "இதுல பாதி கம்பெனிக்கே போகுது" என்றானே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்குவது இங்கே குற்றம், 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை ஜெயில். அவன் சொன்னது பொய்யென்றால் உன்னை ஏமாற்றுகிறான், உண்மையென்றால் அந்தக் கம்பெனியைப் பற்றி இன்னும் பயப்பட வேண்டும். பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கை நீட்டுகிற ரகம் அது.

அடுத்தது எஸ் பாஸ், பெர்மிட்டுக்கு மேல்படி வேலை அனுமதி. "முதல்ல பெர்மிட்ல போகட்டும், ஆறு மாசத்துல எஸ் பாஸ் மாத்தித் தர்றேன்" என்பது திருச்சி ஜங்ஷனில் முறுக்கு விற்பதுபோல விற்கிற வசனம். 2025 செப்டம்பரிலிருந்து புது எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடினால் அதுவும் கூடும். கம்பெனியின் ஆள்கணக்கில் எஸ் பாஸுக்கு இவ்வளவு சதவீதம்தான் என்று உச்சவரம்பும் உண்டு. 600 கொடுக்கும் முதலாளி ஆறு மாசத்தில் 3,300 எதற்குக் கொடுப்பான்? நாலைந்து வருஷம் உழைத்து, கோர்ஸ் முடித்து, சூப்பர்வைசர் ஆகி மாறியவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்கு முதல் படி ஸ்கில்லில் மேலே ஏறுவது. உயர் ஸ்கில் ஆனால் முதலாளிக்கு லெவியில் மாதம் 400 வெள்ளி மிச்சம், அதனால் சம்பளம் கூட்டிக் கேட்க வாய் வரும். குமரன் ஸ்கில் டெஸ்ட்டில் பைப் ஃபிட்டிங் அடித்திருக்கிறான், வேலை சுத்தம் என்று நீயே சொன்னாய். வழி அதுதான்.

"பி.இ. சர்டிபிகேட் நான் பாத்துக்கிறேன்" என்று குமரனிடம் தனியாகச் சொன்னானாமே, அதைக் கேட்டதும் எனக்கு வேடிக்கைப் பேச்செல்லாம் போய்விட்டது. போலிச் சான்றிதழ் பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை ஜெயில், பிறகு இந்த நாட்டில் வேலைக்கே தடை. மாட்டிக்கொள்வது ஏஜென்ட் இல்லை, பையன். அந்தப் பேச்சை எடுத்த இடத்திலேயே எழுந்து வந்துவிடச் சொல்.

சோடாபுட்டி ஏதோ 14 வருஷத்துக்கு மேல் இருக்க விடமாட்டார்கள் என்று பயமுறுத்தினானாம். அது பழைய விதி, 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அவன் செய்தியும் அவன் கண்ணாடி மாதிரி, பவர் மாற்றி வருஷமாகிறது.

கடிதமும் கம்பெனியும் சரியாக இருந்து, தொகையும் நியாயத்துக்கு வந்து, குமரன் கிளம்புகிறான் என்றே வைத்துக்கொள்வோம். ஐபிஏவில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல். நம் பிள்ளைகளுக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், இங்கே தட்டச்சு செய்பவர் ஒரு எழுத்தை விட்டிருப்பார். விமான கவுன்டரில் நின்று அழுது பிரயோசனமில்லை, முதலாளிதான் முன்கூட்டியே அமைச்சில் திருத்த முடியும். சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம். அதற்கும் 500 ரூபாய் கேட்பார்கள், கொடுக்காதே.

அதைவிட முக்கியம், அவன் ப்ளஸ் டூ படிக்கும்போது ஆறு மாசம் டிபி மாத்திரை சாப்பிட்டானே. வந்து இறங்கி இரண்டு வாரத்துக்குள் இங்கே மெடிக்கல். நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம், எச்ஐவி, சிபிலிஸ், மலேரியா ரத்தப் பரிசோதனையும் உண்டு. நோய் ஆறியிருந்தாலும் தழும்பு எக்ஸ்ரேயில் நிற்கலாம். இப்போதே ஒரு எக்ஸ்ரே எடுத்து, அதையும் சிகிச்சை முடிந்ததற்கான ஆஸ்பத்திரிச் சான்றையும் பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேர்த்துக் கையோடு கொண்டுவரட்டும். மெடிக்கல் தேறாவிட்டால் பெர்மிட் கார்டு கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த காசு அப்போது எந்தக் கணக்கில் திரும்பும் என்று எழுதி வாங்கியிருக்கிறாயா?

வந்த பிறகு பாஸ்போர்ட்டை அவனே வைத்துக்கொள்ளலாம், கம்பெனி பிடித்து வைக்கக்கூடாது. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம், கூடவே விவரமாகச் சம்பளச் சீட்டு. பெர்மிட்டில் உள்ள முதலாளியிடம், உள்ள வேலை மட்டும். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் கடையில் பாத்திரம் கழுவினால்கூடச் சட்டவிரோதம். கம்பெனி பிடிக்கவில்லையென்றால், பெர்மிட் முடிய 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில் வேறு முதலாளி இவனுக்காக விண்ணப்பிக்கலாம், பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. அந்தத் தேதியை வந்த அன்றே போனில் குறித்து வைக்கட்டும். அதைத் தவறவிட்டு ஊருக்குப் போய் மறுபடி ஏஜென்ட் காசு கட்டுபவர்கள் எக்கச்சக்கம்.

நாளைக்கு நீ செய்யவேண்டியது இதுதான். ஏஜென்ட்டுக்கு போன் போட்டு, முழு ஐபிஏ, உரிம எண், ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி ரசீது, இந்த மூன்றும் வந்தால்தான் பணம், அதுவும் கடை பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் என்று சொல். உன் குரலில் சொல்லாதே, கெஞ்சுவதுபோல இருக்கும். அக்காவைப் பேசச் சொல். "இன்னொருத்தன் ரெடியா இருக்கான், சீட் போயிடும்" என்பான். போகட்டும். ஐபிஏ குமரன் பெயரில் வந்திருக்கிறது, அதை இன்னொருத்தனுக்கு மாற்ற முடியாது, அது அவனுக்கும் தெரியும்.

தாள் வந்ததும் எத்தனை மணியானாலும் எனக்கு அனுப்பு, முழித்திருப்பேன். அதுவரை வளையல் அக்கா கையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் முத்து

பி.கு. முன்பணமாக 50,000 கொடுத்ததைக் கடைசி வரியில் எழுதினால் நான் கவனிக்கமாட்டேன் என்று நினைத்தாயா? எப்படிக் கொடுத்தாய், யார் பெயருக்குப் போனது, வாட்ஸ்அப்பில் என்ன பேசினீர்கள், எல்லாவற்றையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. திருப்பிக் கேட்கவேண்டி வந்தால், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுத அதுதான் நம் கையில் இருக்கும்.