டாங்கி வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் போதும் என்கிறவர்களுக்கு

வேற்று நாட்டுக்குப் படை அனுப்பும் கோப்பில் கையெழுத்துப் போடுகிற பாதுகாப்பு அமைச்சர்களே,

டாங்கி இறக்கினால் ஆக்கிரமிப்பு மாதிரி தெரியும், அதனால் கொஞ்சம் சிறப்புப் படை, வானத்தில் விமானம், தரையில் சாக உள்ளூர் ஆட்கள் என்று ஒரு கணக்கு போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1993 செப்டம்பரில் சோமாலியாவில் இருந்த அமெரிக்கத் தளபதி தாமஸ் மாண்ட்கோமரி டாங்கிகள் கேட்டார். படையைக் குறைக்கப் பார்க்கிற நேரத்தில் இது எப்படித் தெரியுமோ என்ற கவலையில் பாதுகாப்புச் செயலர் லெஸ் ஆஸ்பின் மறுத்தார். அக்டோபர் 3 அன்று தலைநகர் மொகடிஷுவில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் விழுந்து வீரர்கள் சந்துகளில் மாட்டிக்கொண்டார்கள். லாரியிலும் ஹம்வீ என்ற இராணுவ ஜீப்பிலும் போன மீட்புப் படை துப்பாக்கிச்சூடு தாங்காமல் திரும்பியது. கடைசியில் பாகிஸ்தானின் பழைய எம்48 டாங்கிகளையும் மலேசியாவின் கவச வாகனங்களையும் கேட்டு வாங்கி, பல மொழிக்காரர்களையும் ஒருங்கிணைத்துப் போய்ச் சேர்வதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. 18 அமெரிக்கர்களும் ஒரு மலேசிய வீரரும் இறந்தார்கள். சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில். அப்புறம்தான் அமெரிக்க டாங்கிகள் வந்தன!

சரி, டாங்கி இருந்தால் போதுமா? 1987இல் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் டி72 டாங்கிகளோடுதான் சண்டை போட்டது, நகரத்தைப் பிடிக்கவும் செய்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல், போகிற நேரத்தில் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை உருவாக்கி, அதில் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். படை விலக விலக அது சிதறிப்போனது. 1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலேறிவிட்டது, அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கப்பல்?

2001 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் தோரா போரா மலையில் பின்லேடனை வளைக்கும் வேலையை அமெரிக்கர்கள் ஆப்கன் போராளிகளிடம் விட்டார்கள். நோன்பு மாதம், மாலையானால் பலர் மலையிறங்கி வீட்டுக்குப் போனார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன், தாலிபான் ஓடியதோடு அவர்களுடைய போர் முடிந்துவிட்டது. பின்லேடன் தப்பினார்.

ஆகவே அடுத்த கோப்பு வரும்போது, தளபதி கேட்ட டாங்கியை மறுப்பதென்றால் காரணத்தை உங்கள் கைப்பட எழுதுங்கள், இல்லையேல் ஆட்களையும் அனுப்பாதீர்கள். உள்ளூர்க்காரர் கையில் துப்பாக்கி கொடுக்கும் முன்பே, நீங்கள் கிளம்பும் நாளில் அவரும் குடும்பமும் எங்கே போவார்கள், யார் விசா தருவார்கள் என்பதையும் சேர்த்து நாடாளுமன்றத்தில் வையுங்கள். 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பியபோது நடந்ததுபோல, காபூல் விமான நிலைய வாசலில் நின்றபடி யோசிக்கிற விஷயம் இல்லை அது.